வீதியோரத்தில் நிறுத்திய கார் எங்கே? இழுத்துச் செல்லப்பட்ட ஒரு வாகனம் பற்றிய நிகழ்வு ஆய்வு

செவ்வாய்க்கிழமை பிற்பகல் 1.10 மணிக்கு அத்தானிடமிருந்து அழைப்பு வந்தது. வட இலங்கையில், பரந்தனில் உள்ள என் கராஜில் ஒரு லொறியின் அடியில் படுத்திருந்தேன். "தம்பி, காரைக் காணவில்லை" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. அக்கா தொலைபேசியை வாங்கி மிச்சத்தைச் சொன்னார். விசுவமடுவிலிருந்து மாமியை கிளினிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். காலை 8.15 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புற வீதியோரத்தில் காரை நிறுத்தியிருக்கிறார்கள். 11.40க்கு வெளியே வந்தபோது அந்த இடத்தில் ஒரு முச்சக்கரவண்டி நின்றிருக்கிறது.

நகரத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில் உள்ள ஒரு வன்னி நகரம் என்பது போதும். அங்குள்ள எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. காரைக் காணவில்லை என்று அறிந்ததிலிருந்து அது எங்கள் கைக்கு வரும்வரை ஏறத்தாழ 23 மணித்தியாலம் ஆனது. அதில் பெரும்பகுதியைத் தின்றது பொலிஸும் அல்ல, லொறிக்காரரும் அல்ல. எங்கள் பயமும் எங்களிடம் இல்லாத ஒரு காகிதமும்தான். அதை எழுத வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

கேட்காமல் போன ஒன்றரை மணித்தியாலம்

11.40க்குக் காரைக் காணவில்லை. எனக்கு அழைப்பு வந்தது 1.10க்கு. இடைப்பட்ட நேரத்தில் அத்தான் என்ன செய்தார்? காரை வாங்கித் தந்த தரகருக்கு அழைத்தார். அந்த வகன் ஆர் மூன்றாவது கையாக வாங்கியது. பதிவுப் புத்தகம் இன்னும் வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒருவரின் பெயரில்தான் இருந்தது. அத்தானிடம் இருந்தது அந்தப் புத்தகமும் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த பெயர்மாற்றப் படிவமும் மட்டுமே. எங்கள் பகுதியில் ஓப்பின் பேப்பர் என்று சொல்வோமே, அதுதான். முன்னைய உரிமையாளர் லீசிங்கை, அதாவது காருக்கான தவணைக் கடனை, கட்டி முடித்தாரா இல்லையா என்ற சந்தேகம் வாங்கிய நாளிலிருந்தே அத்தானின் மனதில் கிடந்திருக்கிறது. ஆகவே காரைக் காணாத கணத்திலேயே, கம்பனிக்காரர் தூக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். தரகரும் "இருக்கலாம், விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

பொலிஸ் நிலையத்துக்கு ஏன் போகவில்லை என்று பிறகு கேட்டேன். அத்தான் பதில் சொல்லவில்லை. அவரிடம் ஒரு லாண்ட்மாஸ்டர், இரு சக்கர உழவு இயந்திரம், இருந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அதை விட்டுவிட்டு, பதிவுப் புத்தகத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வெளியேறியவர் அவர். அங்கே கரையோரம் முழுவதும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் குவிந்து துருப்பிடித்துக் கிடந்ததை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். போன வாகனம் போனதுதான், கேட்டால் நம்மையும் கேள்வி கேட்பார்கள் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையின் உடம்பில் ஊறியிருக்கிறது. அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அதே எண்ணத்தோடு இன்றைக்கு ஒரு வீதியோரத்தில் நின்றால், நியாயமாகத் திரும்பக் கிடைக்க வேண்டிய பொருளும் கைநழுவிப் போகும்.

தாரில் இருந்த இரண்டு கறுப்புக் கோடுகள்

நான் போய்ச் சேர்ந்தபோது 2 மணி. மாமி வேப்பமர நிழலில் இன்சுலின் பையை மடியில் வைத்தபடி இருந்தார். முதலில் அந்தப் பையை எதிரே இருந்த பார்மசியில் கொடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். பிறகு கார் நின்ற இடத்தைப் பார்த்தேன்.

காணாமற்போன கார் யாரிடம் இருக்கலாம் என்பதற்கு எங்கள் பகுதியில் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான்: பொலிஸ் அப்புறப்படுத்தியிருக்கலாம், லீசிங் கம்பனி எடுத்திருக்கலாம், கள்ளன் கொண்டுபோயிருக்கலாம். தனியார் வளவின் வாசலை மறித்து நிறுத்தியிருந்தால் வளவுக்காரரே ஆள் வைத்து நகர்த்தியிருக்கவும் கூடும். நிலத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். கண்ணாடித் தூள் கிடந்தால் களவை நினைக்கலாம். சாவியோடு வந்து ஓட்டிச் சென்றவர் தடயம் எதையும் விடமாட்டார். அங்கே கண்ணாடித் தூள் இல்லை. தாரில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்தன. ஒரு காரின் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலத்தில், வீதியின் உட்புறமாக வளைந்து தெற்கே போயின. பூட்டியிருந்த சக்கரங்களை இழுத்த அடையாளம் அது. கராஜ்காரனுக்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை. என்றாலும் கேட்டேன். வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா உடனே சொன்னார்: "ஒன்பதரை மணியிருக்கும் தம்பி. கொக்கி லொறி வந்து முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஹோன் அடித்து அடித்துப் பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை." அவர் காலை முதல் அந்த இடத்திலேயே இருந்திருக்கிறார். அத்தான் அவரைத் தாண்டி நான்கு தடவை நடந்திருக்கிறார்.

நிறுத்தக் கூடாது என்ற பலகை அங்கே இருந்ததா? இருந்தது. ஆனால் அதன்மேல் ஒரு 31ஆம் நாள் நினைவஞ்சலிப் பதாகை கட்டப்பட்டிருந்தது. இறந்தவரின் படமும் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்களும் பலகையை முழுவதுமாக மறைத்திருந்தன. கீழே தூணின் இரும்பு மட்டுமே தெரிந்தது. தொலைபேசியை எடுத்துத் தூரத்திலிருந்து ஒன்று, சாரதி வரும் திசையிலிருந்து ஒன்று, பதாகையைத் தொடாமல் பக்கவாட்டிலிருந்து ஒன்று, கறுப்புக் கோடுகளோடு சேர்த்து ஒன்று என்று படங்கள் எடுத்தேன். மூன்றாம் நாள் போனபோது பதாகை கழற்றப்பட்டிருந்தது, பலகை பளிச்சென்று தெரிந்தது. அன்றே எடுத்திராவிட்டால் எங்கள் பேச்சை யார் நம்புவார்கள்?

ஒன்றைச் சொல்ல வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வாகனமும் ஓரங்கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஏ9 வீதியோரம் என்றாலே நிறுத்துமிடம் என்ற எண்ணம் எங்களுக்குள் இருக்கிறது. வீதிக்குக் காப்பெற் தார் போட்டு, நகரங்களில் நெரிசல் கூடிய பிறகு அந்தப் பழக்கம் செல்லாது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கோ ஆகஸ்ட் 15இல் மடுத் திருநாளுக்கோ போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கூட்டம் பெருகும் நாட்களில் நேற்று நிறுத்திய இடம் இன்று மறுக்கப்பட்டிருக்கலாம். அங்கே காரைக் காணவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது அருகிலுள்ள தற்காலிகப் பொலிஸ் காவலரணில்.

நிலையத்தில்

2.40க்குப் பொலிஸ் நிலையம் போனோம். வாசலிலிருந்தே கார் தெரிந்தது. அத்தான் அந்த இடத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போக்குவரத்துப் பிரிவில் இருந்த சார்ஜன்ட் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் காரை விடுவிக்கப் பதிவு உரிமையாளர் வர வேண்டும், அல்லது அவருடைய எழுத்து வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயம். யாரோ ஒருவர் வந்து என் கார் என்றால் கொடுத்துவிட முடியுமா? அத்தானின் பெயரில் இருந்த ஒரே ஆவணம் காப்புறுதிச் சான்றிதழ். அதுவும் வருமான அனுமதிப்பத்திரமும் காருக்குள்ளேயே இருந்தன. பதிவுப் புத்தகமும் கையெழுத்திட்ட படிவமும் விசுவமடுவில், ட்ரங்குப் பெட்டிக்குள். முன்னைய உரிமையாளரின் தொலைபேசி எண் தரகரிடம். தரகர் இப்போது அழைப்பை எடுக்கவில்லை.

வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். கட்டணத்தை நினைத்தும் அலைச்சலை நினைத்தும் நாங்கள் அதைத் தள்ளிப்போடுகிறோம். என் கராஜுக்கு வரும் வாகனங்களில் எத்தனை இப்படி ஓப்பின் பேப்பரில் ஓடுகின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றின் சொந்தக்காரர்கள் அனைவரிடமும் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாகனம் காகிதத்தில் உங்களுடையது அல்ல. விபத்து நடக்கும்போதோ இப்படி ஒரு முற்றத்தில் அது நிற்கும்போதோ அந்த உண்மை உங்கள் முகத்தில் அறையும்.

காருக்குள் இருக்கும் ஆவணங்களையும் பொருட்களையும் எடுக்க அனுமதி கேட்டோம்; கொடுத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் முன்னிலையில் திறந்து, எடுத்தவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டோம். யாரும் கேட்காத வேலைதான். ஆனால் பிறகு அது இருந்தது, இது இருந்தது என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

அடுத்து வாக்குமூலம். அத்தான் தமிழில் சொன்னார், எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி, கையெழுத்து வைக்கச் சொன்னார். அத்தான் பேனாவை எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துக் காட்டுங்கள்" என்றேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் வீதிக் கடமையில் இருந்தார். 40 நிமிடம் காத்திருந்தோம். அவர் வந்து வாசித்தபோதுதான் தெரிந்தது: தடைப் பலகையைக் கண்டும் காரை நிறுத்தியதாக எழுதப்பட்டிருந்தது. அத்தான் சொன்னது, பலகையைக் காணவில்லை என்பது. எழுதியவர் வேண்டுமென்றே மாற்றியதாக நான் நினைக்கவில்லை. அவருடைய தமிழுக்கும் அத்தானின் பதற்றத்துக்கும் இடையில் ஒரு சொல் புரண்டுவிட்டது. ஆனால் அந்தச் சொல்லின்கீழ் ஒப்பம் விழுந்திருந்தால், நீதிமன்றத்தில் எங்கள் படங்கள் எதற்கும் உதவியிருக்காது.

13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 16ஆம் திருத்தம் 1988இல் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக்கியது. தமிழில் எழுதுங்கள் என்று கேட்பது சண்டை பிடிப்பது அல்ல. குரலை உயர்த்தாமல், காத்திருக்கத் தயாராகக் கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கிறது. அன்று அந்த வரி திருத்தப்பட்டது. அத்தானின் கூற்றைத் தமிழில் நாங்களே ஒரு தாளில் எழுதி இணைத்தோம். முறைப்பாட்டுப் புத்தகத்தின் பக்க எண்ணையும் பந்தி எண்ணையும் குறித்துக்கொண்டோம். பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்த இரண்டு எண்களைத்தான். முறைப்பாட்டையே ஏற்க மறுக்கும் நிலை வந்தால் மேலதிகாரியின் அலுவலகம் இருக்கிறது, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டு கட்டணங்கள்

தண்டப்பணம் வேறு, இழுவைக் கூலி வேறு. இதைப் பலரும் ஒன்றாக நினைத்து, கேட்ட தொகையைக் கேட்ட கையில் வைத்துவிடுகிறார்கள். தண்டப்பணத்தை நிலையத்தில் காசாகக் கொடுப்பதில்லை. எங்களுக்குத் தண்டப் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டார்கள். தண்டப்பணத்தைக் கட்டும்வரை ஓட்டத் தற்காலிக அனுமதி தந்தார்கள். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 14 நாள் கடந்தால் தொகை இரட்டிப்பாகும். 28 நாளும் கடந்தால் நீதிமன்றம்.

இழுவைக் கூலியைக் கேட்டவர் லொறிக்காரர். நிலைய வாசலில் நின்றுகொண்டு 12,000 ரூபாய் என்றார். பற்றுச்சீட்டு உண்டா என்றேன். இல்லை என்றார். எந்த அலுவலகம் நிர்ணயித்த கட்டணம் என்றேன். அதற்கும் பதில் இல்லை. பொறுப்பதிகாரியிடம் போய், நாங்கள் கூலி கொடுக்க மறுக்கவில்லை, எழுத்தில் தந்தால் கொடுக்கிறோம் என்றோம். அதற்குள் மாலை 5 மணி. காரை அங்கேயே விட்டுவிட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம்.

அன்றிரவு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தபோது, கார்ப் புத்தகத்தின்மேல் லாண்ட்மாஸ்டரின் பதிவுப் புத்தகம் இருந்தது, அதே பொலித்தீன் பையோடு. அத்தான் அதை எடுத்து ஓரமாக வைத்தார். எதுவும் பேசவில்லை.

பெயர்மாற்றப் படிவத்தின் கீழ்ப்பகுதியில் முன்னைய உரிமையாளரின் கையெழுத்தோடு தொலைபேசி எண்ணும் இருந்தது. தரகரை நம்பி நாள் முழுவதும் அலைந்தோம், எண் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அழைத்தோம். குருநாகல் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிதர். லீசிங் எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லி அத்தானின் நெஞ்சுக்குள் இருந்த கல்லை இறக்கினார். காரை விற்றுவிட்டதாகவும் அத்தானிடம் ஒப்படைக்கலாம் என்றும் ஒரு கடிதம் எழுதி, அடையாள அட்டையோடு படமெடுத்து இரவே அனுப்பினார். காலையில் சார்ஜன்டுடன் தொலைபேசியிலும் பேசினார்.

வாசலைத் தாண்டுமுன்

காரை விடுவிக்கச் சம்மதித்ததும் அத்தான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். நிறுத்தினேன். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் இழக்கிறார்கள். முற்றத்தை விட்டு வெளியேறிய பிறகு எந்தச் சேதத்தையும் இழுவையின் தலையில் சுமத்த முடியாது.

வகன் ஆர் முன்சக்கரத்தால் ஓடும் வாகனம். முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் இழுப்பது சரியான முறைதான், பின்சக்கரங்கள் சுழன்றால். அத்தான் வழமைபோல் பார்க்கிங் பிரேக்கை அழுத்தி மிதித்து வைத்திருந்தார். பூட்டிய சக்கரங்கள் சுழலவில்லை, ஒரு கிலோமீற்றருக்கும் மேலாகத் தேய்ந்துகொண்டே வந்திருக்கின்றன. இரு பின் டயர்களிலும் ஓரிடம் தட்டையாகி உள்ளே கம்பி தெரிந்தது. சங்கிலி பட்ட இடத்தில் முன் பம்பரின் அடி வெடித்திருந்தது. பின்பக்கத்தைத் தூக்கி முன்சக்கரத்தில் இழுத்திருந்தால் கியர்பொக்ஸே போயிருக்கும். அக்வா போன்ற ஹைபிரிட் வாகனங்களில் முன்சக்கரம் தரையில் சுழன்றாலே மின்மோட்டார் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும். அவற்றை முன்சக்கரம் தரையில் படாமல்தான் கொண்டுபோக வேண்டும். லொறியின் தளத்தில் முழுதாக ஏற்றுவது எல்லாவற்றிலும் பத்திரம். அப்படி வாகனம் வைத்திருப்பவர்கள், எந்தப் பக்கத்தைத் தூக்கி இழுத்தார்கள் என்பதைக் கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்கு பக்கமும் டயர்களையும் கீழ்ப்பகுதியையும் படமெடுத்தோம். விடுவிப்புப் பதிவில் சேதங்களை எழுதிய பிறகே ஒப்பமிட்டோம். பரந்தனிலிருந்து நான் கொண்டுபோயிருந்த இரண்டு பழைய சக்கரங்களை அங்கேயே மாட்டினேன். 10.30க்குக் கார் வெளியே வந்தது.

சேதப் பதிவைக் கண்டதும் லொறிக்காரர் 5,000க்கு இறங்கி வந்தார், பற்றுச்சீட்டும் எழுதித் தந்தார். டயர்களுக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்றார். அத்தானிடம் இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. தன் வாகனத்தின் சேதத்துக்கு அது ஒரு சதமும் தராது. முழுமையான காப்புறுதி வைத்திருப்பவர்கள் பழுது பார்ப்பதற்கு முன், முடிந்தால் முற்றத்திலிருந்தே, தங்கள் கம்பனிக்கு அறிவிப்பது நல்லது. இரண்டு புதிய டயர்களை அத்தான் தன் பணத்தில்தான் வாங்கினார்.

தண்டப்பணத்தைக் கட்டுவதா, கட்டாமல் நீதவான் நீதிமன்றத்தில் சுற்றவாளி, அதாவது குற்றமற்றவர், என்று சொல்வதா என்பதில் வீட்டில் இரண்டு நாள் விவாதம். பலகை மறைந்திருந்ததற்குப் படம் இருக்கிறது, வாக்குமூலம் இருக்கிறது. வழக்காடலாம் என்பது என் கருத்து. இன்றும் அதுதான். அக்கா, தவணைக்குத் தவணை போய் நிற்க வயல் வேலை விடாது என்றார். அறுவடைக் காலம் வேறு. ஒன்பதாம் நாள் தபாலகத்தில் கட்டினார்கள். அவர்கள் எடுத்த முடிவு பிழை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் என் பங்குக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று உள்ளூராட்சி மன்றத்துக்கு, வீதிப் பலகைகளில் பதாகை கட்டுவதைத் தடுக்கும்படி, படங்களோடு, பதிவுத் தபாலில். மற்றது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம்: இழுவை லொறியை எந்த அடிப்படையில் அமர்த்துகிறார்கள், கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள், சேதத்துக்கு யார் பொறுப்பு? வேலைநாட்கள் 14க்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பெயர்மாற்றத்துக்கான காகிதங்களை அத்தான் கொடுத்துவிட்டார். அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வீட்டு வளவில், வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுக் காரை விட்டார். இறங்கிய பிறகு திரும்பப் போய், ஒரு கொப்பித்தாளில் தன் கைத்தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதி, வெளியிலிருந்து தெரியும்படி முன்கண்ணாடியின் கீழே வைத்துவிட்டு வந்தார்.